பத்து வயதில் ஓய்வு கொடுக்கும் ஊரில் ஒரு பட்டாளத்து லாரி

சைனாடவுன், சிங்கப்பூர்

அன்புள்ள மாமாவுக்கு, உங்கள் மருமகன் எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம். அங்கே நீங்கள், அத்தை, பிள்ளைகள், பட்டறை, பட்டறை வாசலில் நிற்கும் பழைய டாடா எல்லோரும் நலமா? வாட்ஸாப்பில் பேசி அனுப்பினால் கிரைண்டர் சத்தத்தில் ஒரு மண்ணும் விளங்கவில்லை என்று சொன்னீர்களாம். அதனால்தான் பேப்பரும் பேனாவும்.

"சீனாக்காரன் பேட்டையில போய் ரூம் எடுத்திருக்கானே, சோத்துக்கு என்ன பண்றான்?" என்று அத்தை கவலைப்பட்டதாக அம்மா சொன்னாள். பேர்தான் சைனாடவுன். சவுத் பிரிட்ஜ் ரோட்டில் கோபுரத்தோடு உட்கார்ந்திருப்பது நம் மாரியம்மன். 1827இல் நாராயண பிள்ளை என்பவர் தொடங்கிவைத்த கோயில். நாலு எட்டு வைத்தால், சோழமண்டலக் கரையிலிருந்து வந்த சூலியா முஸ்லிம்களின் ஜாமியா பள்ளிவாசல். ஐப்பசியில் தீமிதிக்காரர்கள் செராங்கூன் ரோடு பெருமாள் கோயிலிலிருந்து நடந்தே இங்கு வந்து பூ இறங்குவார்கள். சீனர்களிடம் நான் மாட்டிக்கொண்டேன் என்று அத்தை நினைக்க வேண்டாம், அவர்கள் நம்மிடம் மாட்டி இருநூறு வருஷம் ஆகப்போகிறது. சோறு வேண்டுமென்றால் ரயிலில் மூன்றாவது ஸ்டேஷன் லிட்டில் இந்தியா. அங்குள்ள தேக்காவில் சாப்பிட்டுவிட்டு, ஏப்பம் அடங்குவதற்குள் அறைக்குத் திரும்பிவிடலாம்.

இனி வண்டிக் கதைக்கு வருகிறேன். இந்த ஊரில் வண்டிக்கு ஜாதகம் எழுதுவது அரசாங்கம். 1990இலிருந்து வண்டி வாங்குகிறவர் முதலில் ஏலத்தில் ஒரு சான்றிதழ் எடுக்க வேண்டும். சிஓஇ என்பார்கள். அது 10 ஆண்டு செல்லும். அப்புறம் மறுபடி பணம் கட்டி நீட்டிக்கலாம், இல்லையென்றால் வண்டி பழைய இரும்புக்கோ வேறு தேசத்துக்கோ போக வேண்டியதுதான். 2023 அக்டோபரில் பெரிய கார்களுக்கான சான்றிதழ் 1,50,001 வெள்ளிக்குப் போனது. நம் காசில் தொண்ணூறு லட்சத்துக்கு மேல். அது வெறும் காகிதத்துக்கு, கார் விலை தனி. அவ்வளவு பணம் கையில் இருந்தால் நீங்கள் லாரி வாங்க மாட்டீர்கள், லாரி ஓடுகிற ரோட்டையே பேரம் பேசுவீர்கள்.

ரொம்பப் பழைய வண்டி கைக்கு வருவது குறைவு என்பதால் இங்குள்ள பட்டறைப் பையன்களின் வைத்தியமே வேறு. லேப்டாப்பைச் சொருகுவார்கள். திரையில் எந்தப் பாகத்தின் பேர் வருகிறதோ அதைக் கழற்றிப் போட்டுப் புதுசு மாட்டுவார்கள். சொருகுவதற்கு ஓட்டையே இல்லாத வண்டி வந்து நின்றால் என்ன செய்வார்கள்? என்னைக் கூப்பிடுவார்கள்.

அப்படி வந்து நின்றது எங்கள் முதலாளியின் சொந்த வண்டி. தவுக்கே என்றுதான் அவரைக் கூப்பிடுகிறோம். எழுபதைத் தாண்டியவர். 1967இல் இங்கே தேசிய சேவை கட்டாயமானது. ஆரம்ப காலத்தில் பட்டாளத்துக்குப் போய் லாரி ஓட்டியவர்களில் இவரும் ஒருவர். அந்த ருசி இன்னும் விடவில்லை. கோல்டன் மைல் உணவங்காடியில் பட்டாளச் சாமான் விற்கும் கடைகள் உண்டு. அங்கே வாங்கிய பெல்ட்டைத்தான் இன்றைக்கும் கட்டுகிறார். பெல்ட்டோடு நின்றிருந்தால் பரவாயில்லை. பட்டாளத்தில் உழைத்துக் களைத்த ஒரு பழைய யூனிமாக் லாரியையும் எங்கிருந்தோ பிடித்துவந்து, சுங்கை காடுட் கொட்டகையில் நிறுத்தியிருக்கிறார். ரோட்டில் இறக்க முடியாது. கொட்டகைக்குள் முன்னால் கொஞ்சம், பின்னால் கொஞ்சம் ஓட்டிப் பார்ப்பதுதான் அவருடைய ஞாயிற்றுக்கிழமை.

யூனிமாக் என்பது இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு ஜெர்மன்காரன் உழவு வேலைக்காக உருவாக்கத் தொடங்கிய வண்டி. பட்டாளத்துக்குப் பிடித்துப்போனது. சக்கரத்துப் பக்கம் தனியாகப் பல்சக்கரம் வைத்து அச்சையே மேலே தூக்கியிருப்பான். மற்ற லாரிகள் வயிறு உரசி நிற்கிற பள்ளத்தை இது வேட்டியை மடித்துக் கட்டிய மிராசுதார் மாதிரி தாண்டிவிடும்.

"தம்பி, இந்த இன்ஜின் தெரியுமா? மெர்சிடிஸ்!" என்றார் தவுக்கே, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. திறந்து பார்த்தேன். ஓஎம் 352. ஆறு சிலிண்டர், போர் 97, ஸ்ட்ரோக் 128, மொத்தம் 5,675 சிசி. மாமா, நம் வாசலில் நிற்கும் 697 டாடாவுக்கும் இதே போர், இதே ஸ்ட்ரோக். 1954இல் டாடாவும் பென்ஸும் கைகோத்து ஜாம்ஷெட்பூரில் லாரி கட்டினார்கள், 1969இல் ஒப்பந்தம் முடிந்தது. மூக்கில் இருந்த நட்சத்திரம் போனதே தவிர, இன்ஜின் பிறந்த வீட்டை மறக்கவில்லை. "இது எங்க ஊர்ல நெல் மூட்டை ஏத்துற லாரி இன்ஜின்" என்றேன். அன்று முழுவதும் தவுக்கே எனக்குக் காப்பி வாங்கித் தரவில்லை.

வண்டிக்கு இரண்டு கோளாறு. ஒன்று, செல்ஃப் முனகும், சுற்றாது. இரண்டு, தப்பித்தவறி ஸ்டார்ட் ஆனாலும் பத்து நிமிஷத்தில் நின்றுவிடும். எனக்கு முன்னால் கைவைத்த ஒரு புண்ணியவான் முதல் கோளாறுக்குப் பேட்டரி ஜோடியை மாற்றி, இரண்டாவதற்கு டீசல் பம்பை இறக்கி ஓவர்ஹால் செய்து, பில்லை நீட்டிவிட்டுப் போயிருக்கிறார். கோளாறு இரண்டும் அப்படியே இருந்தன.

மீட்டரை எடுத்தேன். பட்டாள வண்டி 24 வோல்ட், இரண்டு 12 வோல்ட் பேட்டரி தொடராக நிற்கும். ஒன்று 12.7 காட்டியது, மற்றது 11.6. ஒரே நாளில் வாங்கிய ஜோடியில் ஒன்று மட்டும் ஏன் இளைக்க வேண்டும்? வயரைப் பிடித்துக்கொண்டே போனேன். டாஷ்போர்டுக்கு அடியில் ஒரு ரேடியோ! தவுக்கே பழைய சீனப் பாட்டு கேட்பதற்காக யாரோ ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் 12 வோல்ட் இழுத்திருக்கிறார்கள். ஆல்டர்நேட்டர் ஜோடிக்குச் சேர்த்துத்தான் சார்ஜ் போடும். ரேடியோ சுரண்டுகிற பேட்டரி என்றைக்கும் பட்டினி, மற்றது தின்று தின்று கொதித்துத் தண்ணீர் வற்றும். எத்தனை ஜோடி மாற்றினாலும் அத்தனையும் சாகும். ஜாலான் புசாரில் சிம் லிம் டவர் என்று ஒரு கட்டடம் இருக்கிறது. மின்சாமானில் அங்கே கிடைக்காதது குறைவு. 24ஐ 12 ஆக்கும் ஒரு கன்வெர்ட்டரை அங்கே வாங்கி மாட்டினேன். பாட்டும் நிற்கவில்லை, பேட்டரியும் பிழைத்தது.

ஆனால் செல்ஃப் முனகுவது மட்டும் போகவில்லை. மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் மறுமுனையை இன்ஜின் பிளாக்கிலும் வைத்துக்கொண்டு, தவுக்கேயைச் செல்ஃப் அடிக்கச் சொன்னேன். அரை வோல்ட்டுக்குள் இருக்க வேண்டியது 3 வோல்ட் காட்டியது. கரண்டு வழியிலேயே செத்துக்கொண்டிருக்கிறது. எர்த்து வயரைக் கழற்றினால், லக்குக்கு அடியில் தடியாகப் பச்சைப் பெயிண்ட்! ஆய்வுக்கு அதிகாரி வருகிறார் என்றால் பட்டாளத்தில் எர்த்து போல்ட்டுக்கும் சேர்த்து அலங்காரம் நடக்கும்போல. உப்புத்தாள் போட்டு வெள்ளை இரும்பு தெரியத் தேய்த்து இறுக்கினேன். செல்ஃப் உறுமியது. செலவு, ஒரு துண்டு உப்புத்தாள்.

அடுத்து அந்தப் பத்து நிமிஷ வியாதி. மெக்கானிக்கல் பம்பு வைத்த டீசல் இன்ஜினுக்கு ஒருமுறை பிடித்துவிட்டால் கரண்டே வேண்டாம், நிறுத்துவதற்குத்தான் கம்பியை இழுக்க வேண்டும் என்று நீங்கள் சொல்லிக் கொடுத்தது நினைவுக்கு வந்தது. ஆகவே வயரைத் தொடவில்லை. காற்றா, டீசலா என்று பார்த்தால் போதும். வண்டி நின்றதும் ஃபில்டர் மேலே ஏர் ஸ்குரூவைத் தளர்த்திக் கைப்பம்பை அடித்தேன். நுரை இல்லை, ஆனால் டீசல் சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது. ஐந்து நிமிஷம் விட்டு அடித்தால் நன்றாகவே வந்தது. ஓடும்போது எதுவோ குழாய் வாயை அடைக்கிறது, நின்றால் தானே விலகுகிறது. டேங்கை இறக்கித் திறந்தோம். அடியில் தண்ணீர், அதன்மேல் விரல் நீளத்துக்குக் கறுப்புப் பாசி! இந்த ஊரில் காற்றே பாதி தண்ணீர். அரை டேங்கோடு நிற்கிற வண்டிக்குள் ஈரம் வியர்த்து இறங்கும். டீசலும் தண்ணீரும் சேர்கிற இடத்தில் கிருமி குடித்தனம் வைக்கும். டேங்கைக் கழுவி, ஃபில்டர் மாற்றி, ஏர் எடுத்து விட்டோம். முதலில் கொஞ்சம் கரும்புகை, அப்புறம் சுத்தமாக ஓடியது. தவுக்கே அரைமணி நேரம் முன்னும் பின்னும் ஓட்டினார். நிற்கவில்லை.

கடைசியில் அவரே நாலு எலுமிச்சம்பழம் கொண்டுவந்தார். மாரியம்மன் கோயில் பக்கம் பார்த்திருக்கிறாராம். ஜெர்மன் வண்டி, சீன முதலாளி, மன்னார்குடி மெக்கானிக், நாலு டயரிலும் பழம் நசுங்கியது. காப்பியும் திரும்ப வந்துவிட்டது.

யோசித்துப் பாருங்கள் மாமா. ஒரு ரேடியோ வயர், ஒரு பூச்சுப் பெயிண்ட், ஒரு கை பாசி. கெட்டுப்போன பாகம் என்று எதுவுமே இல்லை, ஆனால் பில் எல்லாம் பாகத்துக்குத்தான் போட்டிருந்தார்கள். லேப்டாப்பைக் குறை சொல்லவில்லை, புது வண்டிக்கு அது வேண்டும். ஆனால் கரண்டும் டீசலும் வருகிற வழியை ஒருமுறை நடந்து பார்க்காமல் ஸ்பானரை எடுப்பவன் மெக்கானிக் இல்லை, பாகம் விற்பவன்.

ஒரு உதவி. முன்பெல்லாம் பழைய சாமான் வேண்டுமென்றால் சுங்கை ரோடு சந்தைக்கு ஓடுவார்களாம். 1930களிலிருந்து நடந்த அந்தச் சந்தையை 2017 ஜூலையில் மூடிவிட்டார்கள். அதனால் மைக்கோ ஃபீட் பம்பு கிட் இரண்டும், ஏர் ஸ்குரூவுக்குத் தாமிர வாஷர் ஒரு பொட்டலமும் இந்தப் பக்கம் வருகிற யாரிடமாவது கொடுத்தனுப்புங்கள். பழைய வாஷர் ஒன்றை இத்துடன் வைத்திருக்கிறேன், அளந்து பார்த்துவிட்டு வாங்குங்கள். அத்தைக்கு என் வணக்கம்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மருமகன்

பின்குறிப்பு: 24 வோல்ட் வண்டியில் ஒரே பேட்டரியிலிருந்து ஃபேனுக்கோ செல்போன் சார்ஜருக்கோ வயர் இழுத்துக்கொண்டு யாராவது பட்டறைக்கு வந்தால், பையன்களிடம் முதலில் அந்த வயரைக் கழற்றச் சொல்லுங்கள். கூலியை அப்புறம் பேசலாம்.