அழகான சாட்டுகள்

கொம்பியேன் காட்டில் வழி தவறுவது கடினம். பாரிசுக்கு வடக்கே, 14,000 ஹெக்டேயருக்கும் மேலான பரப்பில் ஓக்கும் பீச்சுமாக நிற்கிற காடு அது. அதன் சந்திகளில் எல்லாம் வெள்ளைக் கம்பங்களை நட்டுப் பாதைகளின் பெயர்ப்பலகைகளை மாட்டியிருக்கிறார்கள். கூடவே சின்னதாக ஒரு சிவப்புக் குறியும் இருக்கும். அது எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் அரண்மனை. மூன்றாம் நெப்போலியனின் மனைவி, பேரரசி யூஜெனி, ஒருமுறை இந்தக் காட்டுக்குள் திசை தெரியாமல் அலைந்தாராம். அதற்குப் பிறகுதான் இந்த ஏற்பாடு என்று சொல்வார்கள். பேரரசிக்காகச் செய்த ஏற்பாடு என்னைப் போன்றவனையும் கைவிடுவதில்லை. எனக்கு வந்த வினையே அதுதான்.

நான் போக நினைத்தது அரண்மனைக்கு அல்ல. காட்டின் மறுகரையில், ஒரு குளத்தைப் பார்த்தபடி நிற்கும் பியர்ஃபோன் கோட்டைக்கு. இடிந்து கிடந்த அந்தக் கோட்டையை 1857 முதல் வியொலே லெ தூய்க் என்ற கட்டடக் கலைஞர் எடுத்துக் கட்டினார். பழையபடி கட்டினார் என்று சொல்ல முடியாது. மத்திய காலக் கோட்டை என்றால் இப்படித்தான் இருந்திருக்க வேண்டும் என்று அவர் மனதில் என்ன இருந்ததோ அப்படிக் கட்டினார். கோபுரங்களின் படத்தைப் பார்த்த எவருக்கும் காட்டைக் குறுக்கறுத்து ஓடிப்போய் அந்த மதிலைத் தொட்டுவிட வேண்டும் என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. தோன்றியதோடு நிற்காமல் பாரிசில், லாச்சப்பல் பகுதியில் மரக்கறி வாங்கப் போன இடத்திலும் சொல்லிவிட்டேன்.

“ஓடுறதுக்கு ஏன் அண்ணை ரயில் ஏறிப் போறியள்? இஞ்ச பாரிசில ரோட்டு இல்லையே?” என்று கேட்டார் கடைக்காரத் தம்பி. அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. கொம்பியேனுக்கு ரயில் புறப்படும் கார் து நோர் நிலையம் அவருடைய கடையிலிருந்து நடக்கிற தூரம். அந்தத் தூரத்தையே நான் பேருந்தில் போகிற ஆள் என்பது அவருக்குத் தெரியும்.

பிரான்சின் நெடும்பாதைகளைப் பற்றி ஒரு விசயம் சொல்ல வேண்டும். 1947 முதல், தன்னார்வலர்கள் நாடு முழுக்க மரங்களிலும் பாறைகளிலும் வெள்ளைக்குக் கீழே சிவப்பாக இரண்டு கோடுகள் பூசி வைத்திருக்கிறார்கள். அந்த இரண்டு கோடுகளை விடாமல் பிடித்துக்கொண்டு போனால் நாட்டின் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கே போய்விடலாம். உள்ளூர்ச் சுற்றுப்பாதைகளுக்கு மஞ்சள். பெருக்கல் குறி போட்டிருந்தால் அந்தப் பக்கம் போகாதே என்று அர்த்தம். இவ்வளவையும் புறப்படுவதற்கு முதல்நாள் இரவு படித்துவிட்டுத்தான் போனேன். அரைகுறையாகப் படிப்பவனை விட ஒன்றும் படிக்காதவன் மேல் என்பதை மறுநாள் காலை நிரூபித்தேன்.

காட்டின் நடுவே எங்கோ மரத்துக் கோடுகளைத் தவறவிட்டேன். பயம் வரவில்லை. அடுத்த சந்தியில் கம்பம் நின்றது. வெள்ளைக் கம்பம், அதில் சிவப்புக் குறி. வெள்ளையும் சிவப்பும்! நெடும்பாதை என்னைத் தேடி வந்துவிட்டது என்று நினைத்து, குறி காட்டிய பக்கம் ஓடினேன். அடுத்த சந்தியிலும் குறி. அதற்கடுத்ததிலும். ஒரு சந்தியிலும் தயங்கவில்லை, வரைபடத்தை எடுக்கவில்லை, எதிரே குதிரையில் வந்த பெண்ணிடம் வழி கேட்கவில்லை. அவருக்கு ‘பொன்ஜூர்’ சொன்ன தோரணையைப் பார்த்திருந்தால் அந்தக் காட்டை எனக்குச் சீதனமாகத் தந்திருக்கிறார்கள் என்றே நினைப்பீர்கள். கடைசியில் மரங்கள் விலகின. முன்னால் அகலமான புல்வெளிப் பாதை, நூல் பிடித்தது போல நேராக. அதன் அந்தத்தில் ஒரு மாளிகை. கோபுரம் ஒன்றையும் காணவில்லையே என்று யோசித்தபடி கொஞ்சத் தூரம் போன பிறகுதான் விளங்கியது. காலையில் எந்த அரண்மனை வாசலில் நின்று சப்பாத்து நாடாவைக் கட்டினேனோ, அதே அரண்மனை.

அந்தப் புல்வெளிப் பாதைக்கு போ மோன் சாலை என்று பெயர். முதலாம் நெப்போலியன் தன் இரண்டாவது மனைவி, ஆஸ்திரிய இளவரசி மரி லூயிசுக்காகக் காட்டை வெட்டித் திறந்த காட்சிவழி. நாலு கிலோமீற்றருக்கும் மேலே, ஒரு வளைவு கிடையாது. அரண்மனைச் சாளரத்தில் நின்று காட்டைப் பார்ப்பவர்களுக்கு அது பேரழகு. காட்டிலிருந்து அரண்மனையைப் பார்த்து ஓடி வருகிறவனுக்கு வேறு கதை. எவ்வளவு ஓடினாலும் மாளிகை அதே அளவில்தான் தெரிகிறது. வளைவு இருந்தால் வளைவுக்கு அப்பால் முடிந்துவிடும் என்று மனதை ஏமாற்றலாம். இங்கே ஏமாற்ற வழியில்லை. இளவரசிக்குக் கொடுத்த பரிசில் ஓட்டக்காரனை யார் நினைத்தார்கள்!

வீட்டுக்கு வந்ததும் மனைவி கேட்டாள்.

“என்னப்பா, கோட்டை எப்பிடி?”

“தூரத்தில இருந்து பாக்க வடிவுதான்” என்றேன். எவ்வளவு தூரத்திலிருந்து என்று அவள் கேட்கவில்லை.

பொய் சொல்லாமலே ஏமாற்றும் இந்தக் கலை அன்றோடு கைவந்துவிட்டது. பிரான்சின் காட்டுப்பாதைகள் அதற்கென்றே படைக்கப்பட்டவை. பாரிசின் நடைபாதையில் ஓடி மூச்சு வாங்கி நின்றால் நீங்கள் களைத்துப் போனவர், அவ்வளவுதான். அதுவே ஒரு பீச் மரத்தடியில் நின்றால் இயற்கையை ரசிப்பவர். கைபேசியைத் தூக்கி மேலே பிடித்தால் கலைஞர். மரத்தண்டில் ஒரு கையை ஊன்றிக்கொண்டால் தத்துவவாதி. என்னிடம் உள்ள காட்டுப் படங்களை வரிசையாகப் பார்ப்பவர்கள் நான் எங்கெங்கே ஏறினேன் என்பதைக் கண்டுபிடித்துவிடலாம். எல்லாம் மேட்டின் பாதியில் எடுத்தவை.

அதே கொம்பியேன் காட்டில் சென் பியேர் குளங்கள் இருக்கின்றன. துறவிகள் மீன் வளர்க்க வெட்டியவை. கரையோரம் சமதரை, நிழல், சிறு சுற்று. தொடக்கநிலை ஓட்டக்காரருக்கு இதைவிடத் தோதான இடம் கிடையாது. நான் ஒரு சுற்றுப் போய்விட்டு இரண்டாவதைப் பற்றிச் சிந்திப்பதற்காகப் புல்லில் சாய்ந்தேன். சிந்தனை நீண்டுவிட்டது. இரவு குளிக்கும்போது முதுகில் கறுப்பாக ஒன்று ஒட்டிக்கொண்டிருப்பதை மனைவி பார்த்தாள். உண்ணி. இந்நாட்டு உண்ணி சும்மா ஆளல்ல. லைம் என்ற நோயைக் கொண்டுவந்து சேர்க்கும். பச்சைச் சிலுவை எரியும் முதல் மருந்துக்கடைக்குப் போனோம். அங்கிருந்த அம்மா சின்னப் பிளாஸ்டிக் கொக்கி ஒன்றைத் தந்து, இழுக்கக் கூடாது, சுழற்றி எடுக்க வேண்டும், ஒரு மாதத்துக்கு அந்த இடத்தில் சிவப்பு வளையம் படர்கிறதா என்று பார்க்க வேண்டும் என்றெல்லாம் பொறுமையாகச் சொன்னார். பிறகு கேட்டார்: “காட்டில் என்ன செய்தீர்கள்?”

“ஓடினேன்.”

“ஓடுகிறவர்களுக்குப் பெரும்பாலும் காலில்தானே ஏறும்?”

நான் கொக்கியின் விலையை விசாரித்தேன். மனைவி என்னைப் பார்க்காமல் கூரையைப் பார்த்தாள். வளையம் ஒன்றும் வரவில்லை. ஆனால் அதற்குப் பிறகு நான் ஓடிவிட்டு வந்தால் அவள் முதலில் பார்ப்பது முதுகைத்தான்.

வேட்டைக்காலம் இன்னொரு வரப்பிரசாதம். செப்டெம்பர் தொடங்கி பெப்ரவரி முடியும்வரை, மானும் காட்டுப்பன்றியும் வேட்டையாட, செம்மஞ்சள் அங்கி போட்டவர்கள் துவக்குகளோடு காட்டுக்குள் இறங்குவார்கள். அந்த நேரம் ‘வேட்டை நடக்கிறது’ என்று பாதை வாயிலில் பலகை வைப்பார்கள். இது விளையாட்டல்ல. ஒவ்வோர் ஆண்டும் விபத்துகள் நடக்கின்றன. நடப்பவர்களும் ஓடுபவர்களும் கண்ணைப் பறிக்கும் நிறத்தில் உடுத்திக்கொண்டு போவார்கள். நான் மண்ணிறச் சட்டையில் போயிருந்தேன். தூரத்திலிருந்து பார்த்தால் பன்றியென்று எண்ண முழுத் தகுதியோடு. மார்கழிக் குளிரில் பலகையைக் கண்டதும் எனக்குள் எழுந்த ஆனந்தத்தை எப்படிச் சொல்வேன்! உயிருக்கு ஆபத்து என்பதைவிடக் கௌரவமான சாட்டு உண்டா? திரும்பி வந்து ரயில்நிலையத்துக்கு எதிரே கோப்பி குடித்தேன். அந்தப் பலகையைப் படம் எடுத்திருந்தேன், சாட்சிக்காக. ரயிலில் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் கீழே சின்ன எழுத்தில் இருந்த திகதி கண்ணில் பட்டது. போன கிழமைத் திகதி. படத்தின் கீழ்ப்பாகத்தை வெட்டிவிட்டு மனைவிக்கு அனுப்பினேன்.

பாரிசுக்குத் தெற்கே ஃபொந்தேன்புளோ காட்டில் சாட்டுத் தேட வேண்டிய அவசியமே வரவில்லை. அங்கே குளோத் பிரான்சுவா தெனெகூர் என்றொருவர் வாழ்ந்தார். 1788 இல் பிறந்தவர், நெப்போலியனின் படையில் இருந்தவர். போர்கள் ஓய்ந்த பிறகு இந்தக் காட்டின் மேல் காதல் கொண்டு, சொந்தக் காசில் பாறைகளுக்கிடையே பாதை அமைத்து, நீல அம்புகள் வரைந்து, வழிகாட்டிப் புத்தகங்களும் எழுதி விற்றார். பொழுதுபோக்காக நடப்பதற்கென்றே குறியிட்ட காட்டுப்பாதைகள் உலகில் அவர் கையால் தொடங்கின என்று பலர் எழுதுகிறார்கள். அவருடைய நீலக் குறிகளோடு நின்றிருந்தால் தப்பியிருப்பேன். ஆசை யாரை விட்டது? அதே வனப்பரப்பின் மேற்குப் பக்கத்தில், துரோவா பிஞோன் பகுதியில், ‘25 மேடுகள்’ என்ற சிவப்புப் பாதைக்குப் போனேன். பதினாறு கிலோமீற்றரளவில் ஒரு சுற்று. ஒரு மேட்டில் ஏறினால் அடுத்த மேடு தெரியும். அதற்குப் போக முழுதாக இறங்கியாக வேண்டும். இடையிடையே கடற்கரை மாதிரி வெள்ளை மணல், அதுவும் கடலில்லாத நாட்டுப்புறத்தில். கால் புதையப் புதைய ஓடுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு ஊன்றுகோல்களோடு ஒரு மூதாட்டி பின்னாலிருந்து வந்து, என்னைத் தாண்டி, திரும்பிப் பார்த்து, “போன் கூராஜ்!” என்று வாழ்த்திவிட்டு நடந்தார். ஓடவில்லை, நடந்தார். பதிலுக்கு நன்றி சொல்ல மூச்சைச் சேர்த்து முடிப்பதற்குள் அவர் அடுத்த மேட்டில் நின்றார். எந்த மேட்டோடு நான் திரும்பினேன் என்பதை இங்கே எழுத விருப்பமில்லை. இரட்டை இலக்கமல்ல.

காடு கைவிட்டால் ஏரி. பர்கண்டியில் மோர்வான் மலைநாட்டில் செத்தோன் ஏரி இருக்கிறது. சுற்றுப்பாதை ஏறக்குறைய 15 கிலோமீற்றர், மேடு பள்ளம் குறைவு, ஒரு பக்கம் ஊசியிலைக் காடு, மறுபக்கம் தண்ணீர். ஏரி என்கிறோமே தவிர, மனிதர் கட்டிய அணை அது. 16ஆம் நூற்றாண்டு தொடங்கி பாரிசின் அடுப்புகளும் கணப்புகளும் எரிந்தது பெருமளவு மோர்வான் விறகில். வெட்டிய கட்டைகளின் முனையில் சொந்தக்காரரின் குறியைச் சுத்தியலால் அடித்து ஓடைகளில் தள்ளிவிடுவார்கள். அவை முட்டி மோதி ஆறு சேரும். கிளாமெசி ஊரில் குறிப்படி பிரித்துத் தெப்பமாகக் கட்டி, யோன் ஆற்றிலும் சேன் ஆற்றிலும் பாரிசுக்கு விடுவார்கள். கட்டைகளைத் தள்ளிக்கொண்டு போக ஆற்றில் நீர் போதாதபோது திறந்துவிடுவதற்காகத்தான் கியூர் ஆற்றின் குறுக்கே 19ஆம் நூற்றாண்டில் இந்த அணையை எழுப்பினார்கள். நிலக்கரி வந்தது, விறகின் காலம் போயிற்று, அணை உல்லாசப் பயணிகளின் கைக்கு வந்தது.

இதையெல்லாம் கரையோரம் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தேன். கட்டையாகப் பிறந்திருந்தாலே ஓடாமல் பாரிஸ் வரை போயிருக்கலாம். அந்த எண்ணத்தில் இருக்கும்போதுதான் படகுத்துறையும் பயணச்சீட்டுக் கூண்டும் கண்ணில் பட்டன. படகு ஏரியை வலம் வந்தது. ஒலிபெருக்கியில் விளக்கம் சொன்னார்கள், காற்று முகத்தில் அடித்தது, கரையில் ஓடிக்கொண்டிருந்த இரண்டு இளைஞர்களுக்கு நான் கையசைத்து உற்சாகமூட்டினேன். வீட்டில் கேட்டபோது, “ஏரியை முழுசாச் சுத்தி வந்தனான்” என்றேன். அவள் என் முதுகைப் பார்த்தாள். உண்ணி இல்லை. சட்டைப்பையைப் பார்த்தாள். பயணச்சீட்டு இருந்தது.

அடுத்து ஷம்பாஞ் பக்கம் தெர் ஏரிக்குப் போவதாகச் சொல்லியிருக்கிறேன். மார்ன் ஆற்றின் வெள்ளம் பாரிசுக்குள் வராமலிருக்க மூன்று கிராமங்களை மூழ்கடித்து 1974 இல் நிரப்பிய 4,800 ஹெக்டேயர் நீர்ப்பரப்பு. இந்தமுறை மனைவியும் வருகிறாள், சைக்கிளில், பின்னால். வரைபடத்தை நன்றாகப் பார்த்துவிட்டேன். அணைக்கட்டின் மேல் சமதரைப் பாதை. ஏறுவதற்கு மேடில்லை, சாய்வதற்கு மரமில்லை, ஒளிவதற்கு வளைவுமில்லை. கோடையிலேயே போவோம் என்றாள். நவம்பர்தான் நல்லது என்று நிற்கிறேன். வடக்கிலிருந்து ஸ்பெயினுக்குப் பறக்கும் பெருங்கொக்குகள் அந்த மாதம் பல்லாயிரக்கணக்கில் அங்கே இறங்குகின்றன. அவை கலையாமலிருக்க வேண்டுமானால் கரையில் இருப்பவர்கள் ஆடாமல் அசையாமல் நிற்க வேண்டும். பறவைகள் பாவம் இல்லையா?