நளாயினிக்குக் கூடை இலவசம்

என் கணவருக்குப் பக்கவாதம் வந்த மூன்றாம் நாள், ஐசியு வாசலில் எனக்குப் பதவி உயர்வு கிடைத்தது. பெரியத்தை என் தலையில் கைவைத்து, "நீ நளாயினிடி. அவனை எழுப்பி உக்கார வெச்சிருவே" என்றார். அதுவரை நான் ஒரு தனியார் கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவள். சம்பளம் உண்டு, ஞாயிற்றுக்கிழமை லீவு உண்டு. புதுப் பதவியில் இரண்டும் கிடையாது.

நளாயினி கதை எல்லோருக்கும் தெரியும். நோயில் அழுகிய புருஷனைக் கூடையில் வைத்துச் சுமந்தவள், அதுவும் அவர் ஆசைப்பட்ட தாசி வீட்டுக்கு. வழியில் சாபம் வாங்கிய அவர் உயிரைக் காக்க, சூரியனையே உதிக்காமல் நிறுத்தினாள். எனக்கு அவ்வளவு தவம் தேவைப்படவில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் புரட்டிப் படுக்கவைக்காவிட்டால் படுக்கைப்புண் வரும் என்று நர்ஸம்மா சொன்ன அன்றைக்கே, எங்கள் வீட்டில் பொழுது விடிவது நின்றுவிட்டது.

பதினோராம் நாள் டிஸ்சார்ஜ். ஆஸ்பத்திரிக்கு அதோடு நோய் முடிந்தது, எங்களுக்கு அன்றுதான் ஆரம்பம். மூளை வேகமாக மீண்டுவருவது ஆரம்பத்து மூன்று முதல் ஆறு மாதத்தில், அந்தக் காலத்தை விட்டுவிடாதீர்கள் என்று டாக்டர் சொல்லியனுப்பினார். விடவில்லை. இன்சூரன்ஸ்தான் விட்டுவிட்டது. நம் ஊர் மருத்துவக் காப்பீட்டின் தத்துவம் ரொம்ப எளிது: படுத்தால் பணம், எழுந்தால் கிடையாது. 24 மணி நேரம் கட்டிலில் கிடந்தால் ஸ்கேனுக்கு உண்டு, ரூம் வாடகைக்கு உண்டு. அதே மனுஷன் எழுந்து உட்காரவும், டம்ளரைப் பிடிக்கவும், கழிப்பறை வரை நடக்கவும் ஆகிற செலவு, பெரும்பாலான பாலிசிகளில் 60 நாளோ 90 நாளோ தாண்டினால் நம் தலையில். நடப்பது சொகுசு என்று எங்கோ ஒரு ஏசி அறையில் முடிவுகட்டியிருக்கிறார்கள். முடிவுகட்டியவர்கள் அந்த அறைக்கு நடந்துதான் போயிருப்பார்கள்.

லீவு கேட்டேன். மேனேஜர் நல்லவர், கண்கலங்கினார். கண்கலங்கியபடியே சம்பளத்தைப் பிடித்தார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. 2017-இல் சட்டத்தைத் திருத்தியதிலிருந்து, முதல் இரண்டு பிள்ளைக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு. வேண்டும், சண்டைபோட்டு வாங்கிய உரிமை அது. ஆனால் கட்டியவனோ கட்டியவளோ கைகால் விழுந்து கிடந்தால், தனியார் ஊழியருக்கு அதற்கென்று சட்டத்தில் ஒரு நாள்கூடக் கிடையாது. சட்டம் எழுதியவர்கள் வீட்டில் யாருக்கும் உடம்புக்கே வருவதில்லை போல. வந்தாலும் பார்த்துக்கொள்ள ஒரு நளாயினி இருந்திருப்பாள்.

பிசியோதெரபி சென்டர் முதல் மாடியில். லிஃப்ட் இல்லை. நடக்க முடியாதவருக்கு நடக்கக் கற்றுக்கொடுக்கும் இடத்துக்கு 22 படி ஏறவேண்டும். பிளாஸ்டிக் நாற்காலியில் அவரை உட்காரவைத்து, முன்னால் ஆட்டோக்காரத் தம்பி, பின்னால் நான். என் கூடை அதுதான், நீல்கமல் தயாரிப்பு.

இடப்பக்க மூளையில் அடி, அதனால் வலது கை கால் போனதோடு பேச்சும் போனது. தண்ணீர் என்று சொல்ல வராது. என் பெயர் வராது. ஆனால் ஒரே ஒரு கெட்டவார்த்தை மட்டும் கணீரென்று, ழகர ளகரம் பிசகாமல் வரும். யோசித்துப் பேசுகிற பேச்சு போனாலும் திட்டும் பாட்டும் சிலருக்குத் தப்பித்துவிடும் என்றார் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண். பார்க்க வந்த சொந்தக்காரர்களுக்கு ஆப்பிளுக்குப் பதில் அது கிடைத்தது. அவர்களும் சும்மா போகவில்லை. விழுந்த கையைப் பிடித்து, "தூக்குடா பாக்கலாம்" என்று இழுத்துத் தோள்மூட்டை நழுவவைத்துவிட்டுப் போனார்கள்.

எதிர்த்த பிளாட்காரரின் மனைவிக்கு இதே வியாதி. மூன்றாம் வாரமே அந்த அம்மாளைத் தாய்வீட்டில் கொண்டுபோய் விட்டாயிற்று. "பாவம், ஆம்பள, சாப்பாட்டுக்கு என்ன பண்ணுவார்" என்று பெரியத்தையே இட்லி கொடுத்தனுப்பினார். அந்தப் பிளாட்காரருக்குச் சொல்லப் புராணத்தில் ஆள் இல்லை. பெண்டாட்டியைக் கூடையில் சுமந்த ரிஷி யார்?

பிறகு சான்றிதழ். 2016-ஆம் ஆண்டுச் சட்டப்படி மாற்றுத்திறனாளிக்கான சலுகைகள் பலவற்றுக்கு 40 சதவீதம் ஊனம் வேண்டும். ஏழு மாதம் மல்லாடி, ஊன்றுகோலோடு பத்தடி நடக்கவைத்திருந்தேன். சான்றிதழ் முகாம் வாசலில் ஃபாரம் நிரப்பித் தருகிற ஆள் என்னைத் தனியே கூப்பிட்டு, "நடக்க விடாதீங்க மேடம், தூக்கிட்டு வாங்க. அவரு நடந்தா சதவீதமும் நடந்து போயிரும்" என்றார். ஆக, எழுந்தால் இன்சூரன்ஸ் கிடையாது, நடந்தால் சான்றிதழ் கிடையாது. எல்லோருக்கும் அவர் கூடையில் இருப்பதுதான் வசதி. நான் நடத்தியே கூட்டிப்போனேன். டாக்டர் அளந்து 38 போட்டார்.

மார்ச் 8-ஆம் தேதி, மகளிர் தினத்துக்கு, எங்கள் குடியிருப்புச் சங்கத்தில் எனக்குப் பாராட்டு. பத்து மணிக்கு என்றார்கள், அது அவருடைய பயிற்சி நேரம். லிஃப்ட் வைக்கச் சொல்லி, வாசலில் சாய்தளம் போடச் சொல்லி ஆறு மாதமாக மனு கொடுத்தும் நிதியில்லை என்ற அதே சங்கம், பொன்னாடைக்கும் கேடயத்துக்கும் ஃபிளெக்ஸுக்கும் நிதி கண்டுபிடித்திருந்தது. தலைவர் மைக்கைப் பிடித்தார். தியாகம் என்றார், பொறுமை என்றார், பெண்மையின் இலக்கணம் என்றார். "நம் மத்தியில் வாழும் நளாயினி" என்று அவர் குரல் தழுதழுத்த இடத்தில், முன்வரிசைச் சக்கர நாற்காலியிலிருந்து என் கணவர் அந்த ஒரே வார்த்தையைச் சொன்னார். கணீரென்று.

அடுத்த நாள் பேச்சுப் பயிற்சிக்காரப் பெண்ணிடம் சொன்னேன். நோட்டில் குறித்துக்கொண்டாள். "இடம் பார்த்துச் சொல்றார் அக்கா. நல்ல முன்னேற்றம்" என்றாள்.