தொலைவிலிருந்து ஒரு மேசை

வீட்டிலிருந்தே அலுவலகக் கணினியை இயக்கலாம் என்கிறார்கள். இயக்கலாம்தான், அது விழித்திருந்தால்.

அங்கே இருப்பது விண்டோஸ் ஹோம் பதிப்பு என்றால் கதை தொடங்கும் முன்பே முடிந்தது. தொலைவிலிருந்து இயக்க விண்டோஸ் தரும் ரிமோட் டெஸ்க்டாப் வசதியில் ஹோம் பிறர் கணினிக்குள் போகும். தனக்குள் யாரையும் விடாது. ஊரெல்லாம் விருந்துண்டுவிட்டுத் தன் வீட்டை மட்டும் தாழிட்டுக்கொள்ளும் உறவினர் ஜாதி. ஆளை உள்ளே விடுவதற்கு ப்ரோ பதிப்பு வேண்டும், அதாவது காசு.

பிறகு விபிஎன், கடவுச்சொல், ஓடிபி. இத்தனை கெடுபிடியா என்று அலுத்து, ரிமோட் டெஸ்க்டாப்பின் வாசலான 3389 என்ற போர்ட்டை இணையத்துக்கு நேராகத் திறந்துவிடும் அவசரக்காரர்களும் உண்டு. அங்கே முதலில் வந்து நிற்பவர் ஊழியர் அல்ல. இரவு பகலாகக் கடவுச்சொல்லை ஊகித்துக்கொண்டிருக்கும் திருட்டு நிரல்கள். அவற்றுக்கு வார விடுமுறைகூடக் கிடையாது.

எல்லாம் அமைந்தபின்தான் உண்மையான நிர்வாகி வருகிறார்: இரவில் மெயின் சுவிட்சை அணைக்கும் வாட்ச்மேன். தூங்கும் கணினியை வலைவழியே எழுப்ப வேக்-ஆன்-லேன் என்றொரு வித்தை இருக்கிறது. அதற்கும் பிளக்கில் கரண்ட் வேண்டுமே!

ஐடி பிரிவின் எண் அப்புறம். முதலில் வாட்ச்மேன் அண்ணன் எண்ணை வாங்கி வையுங்கள்.