லட்டும் வாட்ச்சும்

எங்கள் வீட்டில் ஒருவருக்கு லட்டு கிடைக்க வேண்டுமென்றால் ஒன்று, சர்க்கரை இல்லாமல் இருக்க வேண்டும். அல்லது உயிர் இல்லாமல் இருக்க வேண்டும். அப்பாவுக்கு இரண்டாவது வழியில்தான் கிடைத்தது. அவர் இருந்தவரை பலகாரத் தூக்கை அரிசிப் பானைக்குள் புதைத்து வைத்த அம்மா, இப்போது அவர் நினைவு நாளுக்கு அரைக் கிலோ வாங்கிப் படைக்கிறாள். கூடவே மசால் வடை, வெற்றிலை பாக்கு, ஒரு மட்டை பட்டணம் பொடி. இத்தனை வருடப் பழக்கம் விடுமா? ஓரத்தில் கொஞ்சம் பாகற்காய்ப் பொரியலும் உண்டு.

இல்லறத்தான் பேண வேண்டியவர்களை வரிசைப்படுத்திய வள்ளுவர் தென்புலத்தாரை முதலில் வைத்து, தெய்வத்தை அதற்கடுத்துதான் வைத்தார். எங்கள் வீட்டிலும் அதே வரிசைதான். பிள்ளையாருக்கு அன்று ஒரே ஒரு வாழைப்பழம்.

படைத்து, சூடம் காட்டி, கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே வந்துவிட வேண்டும். உள்ளே அப்பா சாப்பிடுகிறார் என்று ஐதீகம். பசியில் பேரப்பிள்ளைகள் கதவையே பார்ப்பார்கள். அம்மா அசைய மாட்டாள். "அவருக்குக் கடைவாய்ப் பல் இல்லைடா. வடையை மென்னு முடிக்க வேணாமா?" திறப்பதற்கு முன் தட்டச் சொல்வாள். தட்டுவேன். பதில் வந்தால் என்ன செய்வது என்று ஒரு நொடி யோசித்துவிட்டுத்தான் திறப்பேன். காமிரா யுகத்துப் பிள்ளை நான்; ஆனாலும் தட்டாமல் திறக்கத் துணிந்ததில்லை.

பிறகு மொட்டை மாடியில் காக்காய்க்கு. ஒரு வருடம் வந்த காகம் பாகற்காயை அலகால் தள்ளிவிட்டு லட்டைக் கொத்தியது. அதற்குமேல் சாட்சி எதற்கு? எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டோம். அந்த நேரம் பார்த்துப் பெரிய மாமா மாடியேறி வர, காகம் அவரைப் பார்த்துக் கத்தித் தீர்த்துவிட்டது.

அமெரிக்காவின் சியாட்டிலில் ஜான் மார்ஸ்லஃப் என்ற பேராசிரியர் 2006-இல் முகமூடி போட்டுக்கொண்டு காகங்களைப் பிடித்து, பிறகு பறக்கவிட்டார். பல வருடம் கழித்தும் அந்த முகமூடி கண்ணில் பட்டால் காகங்கள் கூட்டமாகக் கூடி வசைபாடினவாம், பிடிபடாத காகங்களும் சேர்ந்துகொண்டு. இதை நான் விளக்கியதும் அம்மா சொன்னாள்: "காக்கா என்ன பெரிய காக்கா! உங்கப்பா மறந்தாரா?"

கல்யாணத்தில் அப்பாவுக்குப் போடுவதாகச் சொன்ன வாட்ச்சை மாமா போடவே இல்லை. அப்பா அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. மாமாவை எங்கே பார்த்தாலும், எழவு வீடானாலும், "மச்சான், மணி என்ன?" என்று மட்டும் கேட்பார்.

மறு வருடம் மாமாவே லட்டுப் பெட்டியோடு மாடிக்கு வந்தார். கைப்பிடிச் சுவரில் ஒன்றை வைத்து, யாருக்கும் கேட்காது என்று நினைத்து, "மாப்ளே, அந்த வாட்ச் சமாச்சாரத்தை விட்டுடுங்க" என்றார். காகம் லட்டைக் கவ்விக்கொண்டு போனது. மாமா முகத்தில் அப்படியொரு நிம்மதி.

"லட்டுக்காக வாங்கியிருப்பாரு. மத்தபடி மன்னிச்சிருக்க மாட்டாரு" என்றாள் அம்மா.