பேட்டரியை விடு, வட்டியைப் பிடி

தம்பி, தரமணி ஆராய்ச்சிப் பூங்காவில் உட்கார்ந்து ஏதோ புதுப் பேட்டரி கண்டுபிடித்திருக்கிறாயாமே. அதற்கு முதல் போட ஆள் தேடித் தென்சென்னையெங்கும் அலைகிறாய் என்றும் கேள்வி. உன் நன்மைக்குச் சொல்கிறேன்: பேட்டரியைத் தூக்கிப் பரணில் போடு. வட்டி விற்கப் பழகு.

அடையாறில் ஒரு பெரிய மனிதர் வீட்டுக்குப் போகிறாய். "சார், இது ஜெயிக்கலாம், தோற்கவும் செய்யலாம். ஏழெட்டு வருஷம் ஆகும்" என்கிறாய். இப்படி உண்மை பேசினால் உருப்படுவாயா? அப்பாவுக்கு என்ன வேலை, ஐ.டி. கம்பெனியில் ஏன் சேரவில்லை, ஈடாக என்ன தருவாய், கல்யாணம் ஏன் ஆகவில்லை என்று நாற்பது கேள்வி வரும். காபி வரும். காசோலை வராது.

அதே கூடத்தில் "மாதம் 25 சதவீதம், உத்தரவாதம்" என்று சொல்லிப் பார். ஒரு கேள்வி வராது. ஆருத்ரா கோல்டு என்ற நிதி நிறுவனம் அப்படித்தான் சொன்னது. சுமார் ஒரு லட்சம் பேரிடம் 2,438 கோடி ரூபாய் திரட்டி ஏமாற்றியதாகப் போலீஸ் சொல்கிறது. தொழிற்சாலை உண்டா, காப்புரிமை உண்டா என்று எவர் கேட்டார்?

இது நம் மண்ணின் பாரம்பரியத் தொழில். 1990களில் தேக்குக் கன்று நட்டு லட்சாதிபதியாக்குவதாகச் சொன்ன அனுபவ் நிறுவனம் மூழ்கியது. 2012இல் ஈமு கோழிப் பண்ணைத் திட்டங்களில் முட்டையோடு முதலீட்டாளர் பணமும் பறந்தது. விளம்பரத்துக்கு நடிகர்கள் இருந்தார்கள். வாடிய முதலீட்டாளர் வீட்டுக்கு எந்த நடிகரும் வரவில்லை.

படித்தவர்கள் ஏமாறமாட்டார்களா? மயிலாப்பூர் தெற்கு மாட வீதிக்குப் போ. 1872இல் தொடங்கிய இந்து பெர்மனென்ட் ஃபண்டில் முதிர்ந்த டெபாசிட் திரும்ப வராமல் முதியவர்கள் வாசலில் நின்றார்கள். அவர்கள் போலீஸுக்குப் போன பிறகு, 2024 ஆகஸ்டில், அதன் நிர்வாக இயக்குநர் கைதானார். இதுபோன்ற ‘நிதி’ கம்பெனிகளைக் கண்காணிக்க வேண்டியது மத்திய கம்பெனி விவகார அமைச்சகம். அதன் கண்ணுக்கு ஏனோ முன்கூட்டியே எதுவும் தட்டுப்படவில்லை.

ஆனால் உன் விஷயத்தில் அரசின் கண் கூர்மையானது. 2012இல் ஏஞ்சல் வரி வந்தது. உன் கம்பெனிப் பங்கை ஒரு உள்நாட்டுக்காரர் கணக்குப்படியான மதிப்புக்கு மேல் விலை கொடுத்து வாங்கினால், அந்தக் கூடுதல் தொகை உன் வருமானமாம், அதற்கு வரியாம். வெளிநாட்டுப் பணத்துக்கு 2023 வரை அந்தத் தொல்லை இல்லை. சொந்த நாட்டுக்காரன் உன்னை நம்பினால் அபராதம், அந்நியன் நம்பினால் மாலை! சிலருக்கு விலக்குக் கொடுத்து ஒட்டுப்போட்டார்கள். முழுதாக ஒழிக்க 2024 ஜூலை பட்ஜெட் வரவேண்டியிருந்தது.

வரியை விடு, நம் ஊர்க்காரர்கள் என்ன செய்தார்கள்? ஐ.ஐ.டி. மெட்ராஸில் 2013இல் மின்சார ஸ்கூட்டர் கனவோடு கிளம்பிய ஏதர் எனர்ஜிக்கு 2014இல் 10 லட்சம் டாலர் தந்தவர்கள் பெங்களூர் ஃப்ளிப்கார்ட்டின் நிறுவனர்கள். அடுத்த ஆண்டு 1.2 கோடி டாலர் நியூயார்க்கின் டைகர் குளோபலிடமிருந்து வந்தது. கம்பெனி பெங்களூருக்குக் குடிபோனது. 2025இல் பங்குச் சந்தையில் பட்டியலானது. கிண்டியில் பிறந்த பிள்ளைக்கு வேறு ஊர்க்காரர்கள் பால் வார்த்தார்கள், நாம் தி.நகரில் நகைச் சீட்டுக் கட்டிக்கொண்டிருந்தோம்.

அதே வளாகத்தின் அக்னிகுல் 2017இல் தொடங்கியது. முப்பரிமாண அச்சில் ஒரே துண்டாக வார்த்த எஞ்சினோடு 2024 மே 30இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட்டை ஏவியது. ஏழு வருஷம்! அதற்குள் எத்தனை பேரின் சேமிப்பை விழுங்கியிருக்கலாம்?

ஓய்வூதியக்காரரின் கிராஜுவிட்டியை ராக்கெட்டில் போடுங்கள் என்று எவனும் கேட்கவில்லை. அது வங்கியிலேயே பத்திரமாக இருக்கட்டும். நான் பேசுவது பழைய மகாபலிபுரம் சாலையில் மனைக்கு மேல் மனை வாங்கிப் பூட்டிப்போட்டு, "நம்ம ஊரில் ஒன்றும் உருவாகவில்லை" என்று சபா கேன்டீனில் அங்கலாய்க்கும் கனவான்களைப் பற்றி. "தோற்கலாம்" என்று நேர்மையாகச் சொல்பவனை வாசலோடு அனுப்பிவிட்டு, "தோற்கவே தோற்காது" என்பவனுக்கு நடுக்கூடத்தில் நாற்காலி போடும் புத்தியை எச்சரிக்கை என்று சொல்லிக்கொள்ள வெட்கமாக இல்லையா?

ஐயா, தம்பியிடம் கேட்ட அந்த நாற்பது கேள்விகளையும் பத்திரமாக வைத்திருங்கள். அடுத்து உத்தரவாத வட்டியோடு ஒருவன் வருவான். அவனிடம் கேளுங்கள்.