ஹோகன் காக்கா

இஷா தொழுதுவிட்டுத் தேத்தண்ணிக் கடைக்குள் நுழையுமுன் மூலை மேசையைப் பார்க்க வேண்டும். ஹோகன் காக்கா அங்கே இருந்தால் வீட்டில் போய்க் குடிப்பதே புத்தி. கல்முனைக்குடியில் அவர், மருதமுனையில் வேறொருவர், ஊருக்கொருவர் உண்டு.

"உலகச் சாம்பியன் எண்டா ஆரு மனே?"

வாய் திறந்தால் தொலைந்தோம். ஜோன் சீனா என்றேன். 2025இல் பதினேழாவது தரமாக ரெஸ்லிங் பட்டம் எடுத்து ரிக் பிளேயரின் பதினாறை முந்தியவன்.

"பதினேழு தரம் எடுத்தவன் பதினேழு தரமும் பறிகுடுத்தானே! ஹோகன் 1984ல எடுத்தான். 88 மட்டும் விட்டானா?"

சரி, நாள் கணக்கு. புருனோ சமார்டினோ 1963 முதல் 1971 வரை, 2,803 நாள். போனிலேயே காட்டினேன். உடனே நாள் கணக்கு செல்லாமல் போயிற்று. "நாளென்னத்துக்கு? எதிராளிட பாரத்தப் பாரு! 520 இறாத்தல் ஆந்த்ரேய 87ல தூக்கி அடிச்சவன் ஆரு?"

பாரமென்றால் யோகோசூனா இருக்கிறானே, 1993இல் ஹோகனையே அமுக்கிப் பட்டத்தைப் பறித்தவன்?

"அது கேமராக்காரன் மூஞ்சில நெருப்பக் கொளுத்தினதால!"

நடந்ததென்னவோ அப்படித்தான். ஆனால் நாங்கள் எந்த முழத்தைப் பிடித்தாலும் அவர் அதை ஒடித்துவிட்டு வேறு முழம் எடுப்பார். எல்லாம் முன்கூட்டியே பேசிவைத்த ஆட்டம் என்று ஒரு பொடியன் முனகினான். அவனுடைய கழுத்து காக்காவின் கக்கத்துக்குள் போனது. பிளேன்டி என் சாரத்தில் கொட்டியது.

பாவமும்தான். வீடியோ டெக்கை வாடகைக்கு எடுத்து, ஓர் அறைக்குள் தெருவே நெருக்கியடித்துப் பார்த்த காலத்து ஆள். கைமாறிக் கைமாறித் தேய்ந்த கெசட்டில், கோடுகளுக்கு நடுவே மஞ்சள் பனியனைக் கிழித்த ஹோகனைக் கண்டவர். அதற்காக நான் ஏன் தினமும் ஆறின தேத்தண்ணி குடிக்க வேண்டும்? ரெஸ்லிங் எனக்கும் பிடிக்கும். இவர் பேசத் தொடங்கினால்தான் வெறுத்துப்போகிறது.

போன நோன்புக்கு முந்தி எல்லோரும் பேசிவைத்து, "ஹோகன்தான் காக்கா, எதிர்ப்பேச்சே இல்ல" என்றோம். முகம் செத்துப்போயிற்று. கரைந்துபோன சீனியைக் கரண்டியால் கலக்கிக்கொண்டே இருந்தார். பிறகு நிமிர்ந்தார்.

"ஹோகனா? கால நீட்டிக் கழுத்தில உழுறதத் தவிர அவனுக்கு வேறென்னடா தெரியும்? 1968ல பம்பாயில லூ தெஸ்ஸ வெண்டானே தாராசிங்..."

கடைக்காரர் கதவில் ஒரு பலகையைச் சாத்தினார்.

"...அவன்ட கதையக் கேளு, இரி."