கழுவின காலுக்கு இன்னாத்துக்கு தண்ணி?

வா மாப்ள, குந்து. இன்னா, காலு ரெண்டும் பளபளன்னு மின்னுது? பெரிய வியாழக்கெழம பூசையில பாதம் கழுவுற பன்னெண்டு பேர்ல நீயும் ஒருத்தனாமே! அதுக்காவ மூணு நாளா பீர்க்கங்கா நாரு போட்டு தேச்சுக்கினு கீறேன்னு ஒங்கம்மா சொல்றா. அட அப்பாவி, ஃபாதரு ஒரு கால்தாண்டா கழுவுவாரு. இன்னொண்ணு யாருக்கு, ஃபோட்டோக்காரனுக்கா?

'தாழ்ச்சி பழகுறேன் மாமா'ன்ற. பழகு. அதுல என்னை மிஞ்ச மூலக்கொத்தளத்துலயே ஆளு கெடையாது, அதான் சொல்றேன். மொத நாற்காலிக்கு முன்னாடியே துண்டு போட்டு வெச்சியாமே, அத்த எந்தக் கணக்குல எழுதுறது?

ராயபுரத்துக்கே பேர் குடுத்த ராயப்பரைப் பாரு. ஏசுவோட சீடரு, மீன் புடிச்ச மனுசன். ஆண்டவரு இடுப்புல துண்டைக் கட்டிக்கினு காலாண்ட குந்தினதும், 'நீங்க போய் என் காலைத் தொடுறதா'ன்னு பிகு பண்ணாரு. கழுவலன்னா ஒனக்கும் எனக்கும் ஒட்டு இல்லன்னதும், கையி, தலை எல்லாத்தையும் கழுவச் சொல்லி குளிக்கவே ரெடியாய்ட்டாரு. வேணாம்னதும் பெருமை, ஜாஸ்தியா கேட்டதும் பெருமை. அன்னிக்கு ராத்திரியே, சேவல் கூவுறதுக்குள்ள மூணு வாட்டி அவரைத் தெரியாதுன்னுட்டு, வெளிய வந்து தேம்பி அழுதாரு பாரு, தாழ்ச்சி அங்கதான் தொடங்குச்சு. நாரு போட்டு தேச்சு வர்ல.

2013-ல போப் பிரான்சிஸ் பதவிக்கு வந்த மொத பெரிய வியாழன். ரோமாபுரியில இளங்குற்றவாளிங்க ஜெயிலுக்குப் போய் 12 பேரு காலைக் கழுவுனாரு. பொண்ணுங்க இருந்தாங்க, முஸ்லிமுங்க இருந்தாங்க. அதுவரிக்கும் சட்டப்படி ஆம்பளைங்க கால்தான். 2016-ல அந்தச் சட்டத்தையே மாத்திட்டாங்க. அந்த ஜெயில்ல எவனும் நாற்காலிக்குத் துண்டு போட்டிருக்க மாட்டான்.

நம்ம ஏரியா பேரே போதும்டா புத்தி வர்றதுக்கு. கொத்தளம்னா மதில்ல பீரங்கி வெக்க நெஞ்சைப் பொடைச்சுக்கினு நிக்கிற எடம். ஹைதர் அலிக்குப் பயந்து வெள்ளைக்காரன் கறுப்பர் பட்டணத்தைச் சுத்தி எழுப்புன மதிலு. இப்ப எங்க அது? ஒரு துண்டு மாடிப் பூங்காவுல கெடக்குது. மதிலுக்குப் போட்ட வரி வசூலே ஆவலயாம், வால்டாக்ஸ் ரோடுன்னு பேரு மட்டும் நிக்குது. கொத்தளத்துல இன்னிக்கு சுடுகாடு. அங்க மொத நாற்காலி கேட்டு எவனும் போவ மாட்டான்.

நான் ஹார்பர்ல மூட்டை தூக்கினவன். குனிஞ்சாத்தான் மூட்டை முதுகுல ஏறும். மூட்டையே இல்லாம ஒருத்தன் குனிஞ்சுக்கினு நடந்தா மேஸ்திரி கேப்பாரு, 'இன்னாடா, இடுப்பு வலியா?'ன்னு. ஒன் தாழ்ச்சி இப்ப அந்த இடுப்பு வலிதான்.

மூட்டை வேணுமா? பக்கவாதத்துல படுத்துக்கினு கீறாளே ஒன் சின்னம்மா, அவ காலு பாளம் பாளமா வெடிச்சுக் கெடக்குது. ஒரு சொம்பு வெந்நி எடுத்துக்கினு போ. நாற்காலி கெடையாது, தரையிலதான் குந்தணும். ஃபோட்டோக்காரனும் வர மாட்டான்.

ஆங், பீர்க்கங்கா நாரைக் கையோட எடுத்துக்கினு போ. துட்டு குடுத்து வாங்குனது, வீணாவக் கூடாது பாரு.